கோழியும் பன்றியும் மோரும் ஒரே தட்டில்

அமெரிக்க நாட்டுக் கிராமங்களில் விரும்பிச் செய்யப்படும் பண்டம் ஒன்று உண்டு. எலும்பு நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை, உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக்கறித் துண்டுகளால் சுற்றி ஓவனில் சுடுகிறார்கள். அதன்மேல், மோரும் பூண்டும் தழைகளும் சேர்ந்த வெண்மையான கெட்டிக் கலவையை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். அந்தப் பன்றிக்கறிக்குப் பேக்கன் என்று பெயர். ஊற்றிக் கொள்ளும் கலவைக்கு டிரெஸ்ஸிங் என்று பெயர்.

பன்றிக்கறி உண்ணாத விவசாயிகள் நம்மிடையே ஏராளம். அவர்கள் சமையலை விட்டுவிட்டு இதிலுள்ள வரவு செலவுக் கணக்கை மட்டும் படிக்கலாம். ஏனென்றால் இந்தத் தட்டில் உள்ள மூன்று பண்டங்களும் ஒரு காலத்தில் குடியானவர் வீட்டில் மிஞ்சிப் போனவை. முட்டையிட்டு ஓய்ந்த கோழி, வெண்ணெய் எடுத்தபின் நின்ற மோர், பன்றியின் கொழுத்த வயிற்றுக்கறி. இன்று மூன்றும் பெரிய வியாபாரச் சரக்குகள். சரக்கு பெரிதானபோது பணம் யார் கையில் தங்கியது என்பது மட்டும் மூன்றிலும் மூன்று விதம்.

ஏன் சுற்ற வேண்டும்?

கோழியின் நெஞ்சுக்கறியில், தோலை நீக்கிவிட்டால், 100 கிராமுக்கு 3 கிராம் கொழுப்புகூட இராது. நேரடிச் சூட்டில் வைத்தால் உள்ளே வேகுமுன் மேலே காய்ந்து சக்கையாகிவிடும். பேக்கனிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு. சூடு பட்டதும் அது உருகிக் கோழியின் மேல் வழிந்து கொண்டே இருக்கிறது. வெளிச்சூட்டைப் பேக்கன் தாங்கிக் கொள்கிறது. உள்ளிருக்கும் கோழி ஈரம் கெடாமல் வேகிறது. உப்பும் புகை மணமும் தாமாகவே உள்ளே இறங்குகின்றன. கௌதாரி போன்ற வேட்டைப் பறவைகளின் கறியில் கொழுப்பு குறைவு என்பதால் அவற்றைப் பன்றிக் கொழுப்பால் போர்த்திச் சுடும் வழக்கம் ஐரோப்பாவில் நெடுங்காலமாக உண்டு. கோழிக்கு வந்தது அந்தப் பழைய யுக்திதான்.

நான்கு பேருக்கு 180 முதல் 200 கிராம் எடையுள்ள நெஞ்சுத் துண்டுகள் நான்கும், மெல்லிய பேக்கன் துண்டுகள் எட்டு முதல் பன்னிரண்டு வரையும் வேண்டும். நெஞ்சுத் துண்டு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருக்கும். தடித்த பக்கத்தை மரக்கட்டையால் லேசாகத் தட்டிச் சமப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் மெலிந்த முனை காய்ந்து கொண்டிருக்க, தடித்த முனை பச்சையாக நிற்கும். மிளகுத் தூளும் நசுக்கிய பூண்டும் தடவினால் போதும். உப்புப் போடக் கூடாது. பேக்கனில் இருக்கும் உப்பே தாராளம்.

பேக்கன் துண்டைப் பலகையில் கிடத்திக் கத்தியின் முதுகால் இழுத்துவிட்டால் நீளும், சுடும்போது சுருங்கிக் கழன்று வராது. ஒன்றின் விளிம்பு மற்றதன்மேல் சற்றே ஏறும்படி கோழியைச் சுற்றி, முனைகளை அடியில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். தட்டின்மேல் ஒரு கம்பி வலையை வைத்து அதன்மேல் அடுக்கினால் உருகும் கொழுப்பு கீழே வடிந்துவிடும். 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் 25 முதல் 35 நிமிடம் ஆகும். கறியின் நடுவில் 74 டிகிரி சூடு ஏறியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறை சொல்லும் கணக்கு. சூடளக்கும் கருவி இல்லாதவர்கள் தடித்த இடத்தில் வெட்டிப் பார்க்கலாம். வடியும் நீர் தெளிவாகவும், உள்ளே கறி வெள்ளையாகவும் இருக்க வேண்டும். இறக்கியதும் வெட்டாமல் ஐந்து நிமிடம் விட்டு வைத்தால் சாறு கறியிலேயே தங்கும்.

ஓவன் இல்லாத வீட்டில் கனமான இரும்புச் சட்டி போதும். எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை. சுற்றின முனைகள் கீழே இருக்கும்படி வைத்து, அவை ஒட்டிப் பிடித்தபின் திருப்பித் திருப்பி, சிறு தீயில் மூடி வேகவிட்டு, கடைசியில் மூடியை எடுத்து மொறுமொறுப்பாக்கலாம்.

பேக்கன் வந்த வழி

இங்கிலாந்தின் தொழிலாளர் குடிசைகளில் பன்றி ஒன்று வளர்ப்பது சேமிப்பு உண்டியல் மாதிரி. வீட்டுக் கழிவையும் தோட்டத்துக் காயையும் தின்று வளரும். குளிர்காலத் தொடக்கத்தில் அறுப்பார்கள். நெஞ்சையும் வயிற்றையும் உப்பு, வெடியுப்பு, சர்க்கரை மூன்றும் கலந்து தேய்த்துத் தொட்டியில் அடுக்கி, நாள்தோறும் புரட்டி, மூன்று நான்கு வாரம் கழித்துப் புகைபோக்கியின் அருகில் தொங்கவிடுவார்கள். அடுத்த அறுவடைவரை அதுதான் வீட்டின் கறி. வில்லியம் காபெட் என்ற எழுத்தாளர் 1820-களில் ஏழைத் தொழிலாளர் குடும்பங்களுக்காக எழுதிய குடிசைப் பொருளாதார நூலில் பசு, கோழியோடு பன்றி வளர்ப்பையும் விரித்து எழுதினார்.

இந்த வேலை குளிர்காலத்துக்கு மட்டுமே உரியது. வெயில் காலத்தில் உப்பு எலும்புவரை இறங்குமுன் கறி கெட்டுவிடும். இந்தத் தடையை நீக்கியது வில்ட்ஷயர் பகுதியிலுள்ள கால்ன் என்ற சிற்றூர். அயர்லாந்துப் பன்றிகள் பிரிஸ்டல் துறைமுகத்தில் இறங்கி லண்டன் சந்தைக்கு நடந்தே போகும் வழியில் இந்த ஊர் இருந்தது. நடந்து களைத்த பன்றிகளை வாங்கி உப்பிட்டு விற்று வந்தது ஹாரிஸ் என்ற கசாப்புக் குடும்பம். 1840-களின் அயர்லாந்துப் பஞ்சத்தால் பன்றி வரத்து நின்றபோது அந்தக் குடும்பத்து ஜார்ஜ் ஹாரிஸ் அமெரிக்கா போனார். அங்கே பனிக்கட்டியின் துணையால் கோடையிலும் கறியைப் பதப்படுத்துவதைக் கண்டார். பரண்மேல் பனிக்கட்டியை அடுக்கிக் கீழே கறியை உப்புநீரில் ஊறவிடும் கட்டடத்தை அந்தக் குடும்பம் எழுப்பியது. 1864-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றது. வருடம் முழுவதும் வேலை, உப்பும் குறைவு. ஒரு குடும்பத்தின் கடை ஊரையே தாங்கும் தொழிற்சாலையாகி, 1982-ல் மூடப்படும்வரை நடந்தது.

ஆனால் சிறு விவசாயி கவனிக்க வேண்டியது இங்கிலாந்தை அல்ல, டென்மார்க்கை.

அந்தச் சின்ன நாட்டுக் குடியானவர்கள் பன்றிகளை உயிருடன் ஜெர்மனிக்கு விற்று வந்தார்கள். 1887-ல் நோய்ப் பயம் சொல்லி ஜெர்மனி எல்லையை மூடிவிட்டது. வாங்க ஆளில்லை. நம் ஊரில் இப்படி நேர்ந்தால் வந்த விலைக்குத் தள்ளிவிடுவோம். ஹார்சன்ஸ் நகரைச் சுற்றியிருந்த விவசாயிகள் அதே 1887-ல் கூட்டுறவு முறையில் தங்களுக்கென்று ஒரு பேக்கன் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். உயிருள்ள பன்றிக்குப் பதிலாக, உப்பிட்ட கறியாக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள்.

அவர்கள் வகுத்துக் கொண்ட விதிகள் கெடுபிடியானவை. உறுப்பினர் தம் பன்றிகளைச் சொந்தத் தொழிற்சாலைக்குத்தான் தர வேண்டும். வெளி வியாபாரி நாலு காசு கூடுதலாகக் காட்டினாலும் அவனுக்கு விற்கக் கூடாது, விற்றால் அபராதம். ஓட்டு ஆளுக்கு ஒன்று. இரண்டு பன்றிக்காரருக்கும் இருநூறு பன்றிக்காரருக்கும் அதே ஓட்டுத்தான். ஆண்டு முடிவில் மிஞ்சும் லாபம், போட்ட முதலுக்கு அல்லாமல், கொடுத்த பன்றியின் அளவுக்குப் பங்கிடப்படும். வியாபாரி முதல் வருடம் கூட்டிக் கொடுத்து, சங்கம் உடைந்தபின் குறைத்துக் கொடுப்பான் என்பதை அந்த விவசாயிகள் முன்கூட்டியே உணர்ந்திருந்தார்கள் என்று தோன்றுகிறது.

இதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1882-ல், யெட்டிங் என்ற கிராமத்தில் டென்மார்க்கின் முதல் கூட்டுறவு வெண்ணெய் ஆலை தொடங்கியிருந்தது. வெண்ணெய் இங்கிலாந்துக்குப் போயிற்று. வெண்ணெய் நீக்கிய பால் திரும்ப விவசாயி வீட்டுக்கு வந்தது. அதைப் பார்லி மாவோடு பன்றிக்கு வைத்தார்கள். பால் குடித்து வளர்ந்த பன்றி, கொழுப்பு குறைந்து கறி மிகுந்து நின்றது. உள்நாட்டுப் பன்றியோடு இங்கிலாந்தின் பெரிய வெள்ளை இனத்தைக் கலந்து, உடல் நீண்ட லேண்ட்ரேஸ் இனத்தை நிலைப்படுத்தினார்கள். உடல் நீளமாக இருந்தால் பேக்கன் துண்டு அதிகம் கிடைக்கும். ஆறு மாதத்தில் 90 கிலோ எட்டிய பன்றி, மெல்லிய முதுகுக் கொழுப்பு, நீண்ட விலா. ஆங்கிலேயனின் காலை உணவுக்கு ஏற்ற பன்றியை டென்மார்க்குக் குடியானவர் உருவாக்கிக் கொடுத்தார்.

இணைந்து இணைந்து பெரிதான டேனிஷ் கிரவுன் நிறுவனம் இன்றும் விவசாயிகளுக்கே சொந்தம். ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. தொழிற்சாலை விவசாயிகள் கையில் நின்றாலும் சிறு பண்ணைகள் நிற்கவில்லை. ஒரு பண்ணையில் ஆயிரக்கணக்கில் பன்றிகள் உள்ள நாடாக டென்மார்க் மாறிவிட்டது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே வயிற்றுக்கறி ஊக வணிகச் சரக்காயிற்று. குளிர்காலத்தில் கறியை உறையவைத்துக் கோடையில் பேக்கனாக விற்பதால் இடையில் விலை ஏறி இறங்கும். 1961-ல் சிகாகோ வர்த்தகச் சந்தையில் உறைந்த வயிற்றுக்கறிக்கு முன்பேர வியாபாரம் தொடங்கியது. பன்றியையே கண்ணால் பார்த்திராதவர்கள் அதில் சம்பாதித்தார்கள், இழந்தார்கள். 2011-ல் அது நிறுத்தப்பட்டது.

வீட்டில் உப்பிடலாமா?

நம் வெயிலுக்கு இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். உப்பு ஊறும் நாள் முழுவதும் கறி 4 டிகிரிக்குக் கீழே இருந்தாக வேண்டும். தவிர, பேக்கனின் சிவப்பு நிறத்துக்கும் கொடிய நச்சுக் கிருமியைத் தடுப்பதற்கும் சேர்க்கும் சோடியம் நைட்ரைட்டின் அளவு மிகச் சிறியது. உப்புநீரை ஊசியால் ஏற்றும் பேக்கனுக்கு அமெரிக்க விதிப்படி கிலோவுக்கு 120 மில்லிகிராம். கைத் திட்டமாகப் போடும் பொருளல்ல, கூடினால் விஷம். கேரளத்தின் கூத்தாட்டுக்குளத்தில் மாநில அரசின் இறைச்சி நிறுவனம் பன்றிக்கறிப் பண்டங்களைத் தயாரிக்கிறது. நகரக் குளிர்பதனக் கடைகளில் பேக்கன் கிடைக்கிறது. பட்டியில் அடைத்துச் சுத்தத் தீவனம் கொடுத்து வளர்த்த வெண்பன்றியின் கறியாக இருக்க வேண்டும். தெருவில் மேயும் பன்றியால் நாடாப்புழு வரும், அதன் முட்டை வயிற்றுக்குள் போனால் மூளையைத் தாக்கி வலிப்பும் வரும்.

பேக்கனைத் தினசரி உணவாக்குவதும் நல்லதல்ல. இவ்வாறு பதப்படுத்திய கறி குடற்புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அறிவித்தது. நாள்தோறும் 50 கிராம் உண்டால் ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது என்றது. விருந்து நாளுக்கு மட்டும் வைத்துக் கொள்வது உத்தமம்.

கோழியின் கணக்கு

கோழிக்கறி அமெரிக்காவில் முன்பு விலை உயர்ந்த பண்டம். கோழி வளர்த்தது முட்டைக்காக. டெலவேர் மாநிலத்தில் ஓஷன் வியூ என்ற ஊரில் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி 1923-ல் முட்டைக்காக 50 குஞ்சு கேட்டார். தவறுதலாக 500 குஞ்சுகள் வந்து சேர்ந்தன. திருப்பி அனுப்பாமல் வளர்த்தார். பிழைத்தவை 387. இரண்டு ராத்தல் எடை வந்ததும் ராத்தல் 62 சென்ட் விலைக்குக் கறிக்காக விற்றார். அன்று அது நல்ல விலை. மறு வருடம் ஆயிரம் குஞ்சு வாங்கினார். 1926-ல் பத்தாயிரம் கோழிக்குக் கொட்டகை போட்டார். அக்கம்பக்கத்தார் எல்லாரும் அதையே பின்பற்றினார்கள்.

அடுத்து வந்தது தீவன வியாபாரி. ஜார்ஜியா மாநிலத்தின் ஜெஸ்ஸி ஜூவல் 1930-களில் கையில் காசில்லாத விவசாயிகளுக்குக் குஞ்சும் தீவனமும் கடனாகக் கொடுத்தார். வளர்ந்த கோழியைத் தாமே எடுத்துக் கொண்டார். பின்னர் குஞ்சு பொரிப்பகம், தீவன ஆலை, கறி ஆலை எல்லாம் அவர் கைக்கே வந்தன. இன்று கோவை, திருப்பூர் வட்டாரத்தில் கொட்டகை போட்டு, கம்பெனிக் குஞ்சை வளர்த்து, கிலோவுக்கு இத்தனை என்று வளர்ப்புக் கூலி வாங்கும் விவசாயிக்கு இந்த முறை புதிதல்ல. விலை இறங்கினாலும் கூலி வரும் என்பது ஒரு நிம்மதிதான். கோழி அவருடையதல்ல என்பதும் உண்மை.

மோர் டிரெஸ்ஸிங்

டிரெஸ்ஸிங்கின் கதை சுருக்கமானது. ஸ்டீவ் ஹென்சன் என்பவர் அலாஸ்காவில் குழாய் வேலை செய்தபோது உடன் வேலை செய்தவர்களுக்குச் சமைப்பார். அங்கே உருவானது இந்த மோர்க் கலவை. 1950-களில் கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா அருகே ஒரு பண்ணை வீட்டை வாங்கி விருந்தினர் விடுதியாக நடத்தினார். வந்தவர்கள் இந்தக் கலவையைப் புட்டியில் கேட்டு வாங்கிப் போனார்கள். அவர் பிறகு செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். காய்ந்த தழையும் பூண்டுப் பொடியும் உப்பும் கலந்த சிறு பொட்டலத்தை மட்டும் தபாலில் அனுப்பினார். மோரும் மயோனைஸும் வாங்குபவர் வீட்டில் சேர்த்துக் கொள்ள வேண்டியது. கெட்டுப் போகும் பொருள் எதுவும் அவர் கணக்கில் இல்லை. தபால் வியாபாரம் விடுதியை விழுங்கி வளர்ந்தது. 1972-ல் சலவைத் திரவம் தயாரிக்கும் குளோராக்ஸ் கம்பெனி 80 லட்சம் டாலருக்கு அதை வாங்கிக் கொண்டது.

வீட்டில் செய்யும்போது மயோனைஸில்தான் எச்சரிக்கை வேண்டும். பச்சை முட்டைக் கருவில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தால் கிடைப்பது அது. கருவிலுள்ள லெசித்தின் என்ற சத்து எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடித்து நிறுத்துகிறது. முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருந்தால் வேகாததால் அப்படியே வயிற்றுக்குப் போகும். தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது இதனால்தான்.

பழைய அமெரிக்கக் கிராமத்து வீடுகளில் ஆலிவ் எண்ணெய் கிடையாது. அவர்கள் முட்டையை வேகவைத்தே டிரெஸ்ஸிங் செய்தார்கள். நமக்கு அதுதான் ஏற்றது. இரண்டு முட்டைக் கரு, ஒரு மேசைக்கரண்டி மைதா, ஒரு தேக்கரண்டி கடுகுத் தூள், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு இவற்றைக் கட்டியில்லாமல் கலக்கி முக்கால் கப் பால் ஊற்ற வேண்டும். கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தின்மேல் இந்தப் பாத்திரத்தை வைத்துக் கைவிடாமல் கிளறினால் கெட்டியாகும். கரண்டியின் முதுகில் படியும் பதம் வந்ததும் கால் கப் வினிகரைச் சிறிது சிறிதாக ஊற்றி, மேலும் இரண்டு நிமிடம் கிளறி, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் போட்டு இறக்கலாம். நேரடித் தீயில் வைத்தால் கரு திரிந்து பொரியல் ஆகிவிடும்.

நன்றாக ஆறியபின் மோர். அமெரிக்கக் கடைகளில் மோர் என்று இன்று விற்பது கடைந்த மோர் அல்ல. கொழுப்பு குறைந்த பாலைப் புளிக்க வைத்த கெட்டித் திரவம். நம் வீட்டு நீர் மோரை ஊற்றினால் கலவை ஓடிவிடும். புளித்த தயிரைத் தண்ணீர் விடாமல் கடைந்து அரைக் கப் சேர்ப்பதே சரி. நசுக்கிய பூண்டுப் பல் ஒன்று, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், சதகுப்பை இலை, மிளகுத் தூள் போட்டு, உப்புப் பார்த்து, குளிர்பெட்டியில் ஒரு மணி நேரமாவது வைத்தால் மணம் இறங்கும். சதகுப்பை கிடைக்காவிட்டால் கொத்தமல்லி போடலாம், ருசி மாறும், கெடாது. மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

தட்டில் வடிந்த பேக்கன் கொழுப்பை எறிய வேண்டியதில்லை. அமெரிக்கக் கிராமத்து வீடுகளில் அடுப்புப் பக்கத்தில் இதற்கென்றே ஒரு தகரக் குவளை இருக்கும். சோள ரொட்டி சுடவும் கீரை வதக்கவும் உதவும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல், வெடிமருந்துக்கு வேண்டிய கிளிசரின் எடுப்பதற்காக அந்தக் குவளைக் கொழுப்பைக் கறிக்கடைகளே திரும்ப வாங்கிக் கொண்டன. நம் வெயிலில் அடுப்பருகே வைக்க வேண்டாம். வடிகட்டி, மூடிபோட்ட கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் சில வாரம் நிற்கும். மிஞ்சிய கோழியை ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் மெல்லியதாகச் சீவி, ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் மீதி டிரெஸ்ஸிங்கோடு வைத்துச் சாப்பிடலாம்.